மந்திரிக்காத பெட்டி

நெல்லித்தோப்பு மிக்கேலுக்கு ஒரு சட்டை எடுக்கக்கூடப் பொறுமை கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் செத்த கார் பேட்டரிக்கு உயிர் குடுத்து வண்டியக் கிளப்புற ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி வாங்க டவுன்ல இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்குனாரு. எல்லாம் பொண்டாட்டி ஆனந்தமேரிக்காகத்தான். “நெஞ்சு வலி வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெச்சிருக்காதீங்க”ன்னு கோரிமேட்டு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல இருக்கிறதோ ஒரு கிழட்டு டீசல் கார். புது பேட்டரி போட்டும் பாத்தாச்சு, நாலு நாள் நிறுத்துனா படுத்துக்கும். தெருவே வந்து தள்ளுனாதான் கிளம்பும்.

பேட்டரிக் கடை சக்கரபாணி ஒளிக்காம சொன்னாரு. “பெட்டி மேல போட்ட பெரிய நம்பரப் பாத்து ஏமாறாதீங்கண்ணே. இந்தச் சின்னது பெட்ரோல் வண்டிக்குப் போதும். உங்க டீசலுக்கு இழுவை ஜாஸ்தி, இந்தப் பெருசுதான் தாங்கும். கிளிப்ப மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா கொண்டுபோனதும் சார்ஜ் போட்டுடுங்க.”

வீட்டுக்கு வந்து பிரிக்கப் போனவர மேரி தடுத்துட்டாங்க. மிக்ஸியோ மின்விசிறியோ, சர்ச் சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்காம அந்த வீட்டுல எதுவும் புழக்கத்துக்கு வராது.

“சர்ச் திருவிழா முடியட்டுங்க. ஃபாதர் வந்து மந்திரிச்சதும் பிரிக்கலாம்.”

அவங்க பேச்சத் தட்டி இவருக்குப் பழக்கமில்ல. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழ பெட்டி அப்படியே உக்காந்துச்சு. அட, சார்ஜ் போட்டு வெச்சுட்டு மந்திரிச்சா ஆண்டவர் வேணாம்னா சொல்லப்போறாரு? அந்தப் பாவி மனுஷனுக்குத் தோணலையே!

தேர்பவனி அன்னிக்கு சாயங்காலம் மேரி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டாங்க. தெருவுல ஒரு ஆள் இல்ல, எல்லாரும் தேர் பின்னாடி போயிட்டாங்க. மேரியத் தாங்கிப் பிடிச்சு முன் சீட்டுல உக்காரவெச்சு மிக்கேல் சாவியத் திருப்புனாரு. டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பெட்டியக் கிழிச்சு எடுத்துட்டு வந்தாரு. கிளிப்ப மாட்டி, பொத்தான அமுக்குனாரு. ஒரு லைட்டுகூட எரியல.

“நான்தானே பிரிக்காதீங்கன்னேன்”ன்னு மேரி முனகுனாங்க. “எல்லாம் என்னாலதான்.”

மிக்கேல் காதுல விழுந்துச்சு. பதில் சொல்ல ஏது நேரம்? மெயின் ரோட்டுக்கு ஓடுனாரு. ஆட்டோவோட திரும்பி வந்தப்ப மேரி தலை கதவுப் பக்கம் சாஞ்சு கிடந்துச்சு. உசுரு இல்ல.

அடக்கம் முடிஞ்சு ஃபாதர் வீட்டுக்கு வந்து ஜெபம் சொன்னாரு. எல்லா இடத்துலயும் தெளிச்ச தீர்த்தம் அந்தப் பெட்டி மேலயும் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடியே மிக்கேல் அத முழுசா சார்ஜ் போட்டு வெச்சிருந்தாரு. யாருக்காகன்னு அவரயே கேட்டாலும் தெரியாது.

வந்தவங்க போனதும் எடுத்துட்டுப்போய் கார்ல மாட்டுனாரு. எல்லா லைட்டும் எரிஞ்சுது. ஒரே திருப்புல வண்டி கிளம்பிடுச்சு.

மிக்கேல் எங்கயும் போவல. ஓடுற வண்டிக்குள்ள உக்காந்து, பக்கத்து சீட்டத் தடவித் தடவி அழுதாரு.

“உன்னால இல்லடி மேரி. சார்ஜ் போடுங்கன்னு கடைக்காரர் எங்கிட்டதான் சொன்னாரு. உன்னால இல்லடி.”