மாமரத்தடியில் ஒரு கோஸ்தான்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போர்ட் கிள்ளானிலிருந்து பெர்லிஸ் வரைக்கும் ரப்பர் காட்டு ரோடெல்லாம் இரவு பகலாக லோரி ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் என்னை மறித்ததில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு பழைய லோரியில் தொடங்கினேன், இன்றைக்கு என் பெயர் எழுதிய லோரிகள் துறைமுகத்துக்குள் வரிசையாகப் போகின்றன. கற்பனை செய்துகொண்டு உட்கார எனக்கு நேரம் இருந்ததே இல்லை, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அந்த முதல் லோரியில் என்னோடு ஏறியவன் அந்தோணி. ஊர் அவனை லோரி கெலிண்டான் என்றது, அதாவது சாமான் ஏற்றி இறக்கும் துணையாள். எனக்கு அவன் கூட்டாளி. ஒரு தடவை பெர்லிஸுக்கு லோட் கொண்டு போனபோது அங்கே அருமானிஸ் மாம்பழம் வாங்கித் தின்றோம். அந்தோணி கொட்டையை எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, காப்பார் பக்கம் இருக்கும் என் வீட்டு வேலி ஓரம் புதைத்தான்.

"முளைச்சா லோரிக்கு நிழலு. முளைக்கலன்னா உன் ராசி அவ்வளவுதான் லா," என்றான்.

முளைத்தது. அதற்குப் பிறகு என் ராசியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பழம் பெர்லிஸ் பழம்போல இல்லை, கொஞ்சம் புளிப்புத்தான். ஆனாலும் என் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். என் மனைவி சரசு அந்த மாங்காயில் ஊறுகாய் போட்டால் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி போத்தலோடு வந்து நிற்பார்.

சாயங்காலம் லோரியைப் பின்னால் எடுத்து அந்த மரத்தடியில் விடுவேன். பின்னால் எடுப்பதை இங்கே கோஸ்தான் என்போம். அந்தோணி மரத்தை ஒட்டி நின்று லோரியின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுவான். மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். டப் டப் என்று இரண்டு பலமாக விழுந்தால் நிற்கவேண்டும். நான் கண்ணாடியைப் பார்ப்பதே கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்த மரத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

சர்க்கரை வியாதியில் அந்தோணி போய்ச் சேர்ந்தான். லோரிகளை மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்கு ஒரு பழைய கார் போதும் என்று வைத்துக்கொண்டேன். அதையும் மரத்தடியில்தான் விடுவேன். சுற்றிலும் புது வீடுகள் வந்தபோது இலை குப்பையாகிறது, மரத்தை வெட்டுங்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அதில் கத்தி படாது என்று சொல்லி அனுப்பினேன். வந்தவர்களுக்கு அது மரம். எனக்கு அது அந்தோணி.

அன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு நானும் சரசுவும் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டு வாசலுக்கு வரும்போது வானம் கறுத்து, வாளியால் ஊற்றுவதுபோல மழை. எங்கேயோ கழன்ற தகரக் கூரை ஒன்று ரோட்டில் உருண்டு போனது, காற்று அப்படி.

"மரத்துக்கடியில விடாதீங்க. ரோட்டுலயே நிறுத்துங்க," என்றாள் சரசு.

"நாப்பது அடி டிரெய்லரையே கோஸ்தான் எடுத்தவன் நானு. சும்மா உக்காரு."

"டிரெய்லர் எடுத்தீங்க, சரி. இப்ப கண்ணு தெரியுதா?"

உண்மையில் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. பழக்கத்தில் காரை மெதுவாக விட்டேன். பாதி போயிருப்பேன், என் பக்கத்துக் கதவில் டப் டப். அகலமான கை, ஈரத் தகரத்தில் விழுகிற சத்தம். நான் நினைப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

"ஏன் நின்னுட்டீங்க?"

"யாரோ தட்டுனாங்களே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் சொல்லி முடிக்கவில்லை, மரம் வேரோடு சாய்ந்தது. நாங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே அப்படியே படுத்துவிட்டது. பின்கண்ணாடி முழுக்க மாவிலை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், மழையைத் தவிர யாரும் இல்லை.

மழை விட்டதும் இறங்கிப் போய் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். லோரி ஓட்டி எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டவன் நான், அக்கம்பக்கத்தார் பார்க்க அழுதேன். சரசு பட்டுச் சேலை மடியில், சேற்றில் கிடந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளை ஏதாவது அடித்திருக்கும் என்று மகன் சொன்னான். கிளை அடிக்கிற சத்தத்துக்கும் அந்தோணி கை அடிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இவ்வளவு காலம் லோரி ஓட்டினேன்?

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மரம் இருந்த இடத்தில் மகன் சிமெண்டு போட்டான். பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தான், பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற சென்சார் வைத்த கார். மற்ற இடங்களில் எல்லார் காரும் கத்துவதுபோலத்தான் கத்துகிறது, கிட்டே போகப் போக விடாமல். வீட்டில் மட்டும், பாதி வழியில், இரண்டே தடவை கத்திவிட்டு நின்றுவிடுகிறது. கேமராவில் வெறும் சிமெண்டுத் தரை. பட்டறைக்காரன் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றான்.

நான் அந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்துவிடுகிறேன், அதற்கு மேல் போவதில்லை. சரசு கதவைத் திறந்து, இறங்குவதற்கு முன்னால் அந்த வெறும் சிமெண்டைப் பார்த்து, "வந்துட்டோம்ண்ணே," என்கிறாள்.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னவள் அவள்தான்.