எகிப்துக் கதவுகளோடு ஜுபைல் வரை

துபாயிலிருந்து சவூதிக்குத் தரைவழியாகப் போக முடியுமா என்று இங்கே கராமாவில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். முடியும். மே மாதக் கடைசியில் போய், ஜுபைலில் மூன்று மாத வேலை முடித்து, போன வாரம்தான் திரும்பினேன். பார்த்ததையும் பட்டதையும் எழுதிவிடுகிறேன். 1979-இல் இந்த வழியாகப் போகிறவனுக்கு ரோடு மட்டும் தெரிந்தால் போதாது, யார் யாரோடு சண்டை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனி ஜுபைலில் ஸ்டாஃப் குடியிருப்பு கட்டுகிறது. அதற்கு நூற்று அறுபது கதவுகளும், அவற்றை மாட்ட மூன்று தச்சர்களும் தேவைப்பட்டார்கள். ஆட்களைப் பிளேனில் அனுப்பினால் செலவு, கதவுகளோடு லாரியில் ஏற்றினால் சரக்குக்குக் காவலும் ஆயிற்று என்று கணக்குப் போட்டார்கள். லாரியின் தாளில் கதவுகளுக்கு மரம், அளவு, செய்த ஊர் எல்லாம் எழுதியிருந்தது. எங்களுக்கு 'கார்பெண்டர், மூன்று' என்று மட்டும்.

அந்த மூன்றில் மூத்தவர் நாகர்கோவில் தங்கப்பன் அண்ணாச்சி, எங்கள் மேஸ்திரி. அடுத்தவன் பரமக்குடிப் பக்கத்துச் செல்வம். கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் பிளேன் ஏறியவன். மூன்றாவது நான், தென்காசி. லாரியை ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் சையத், எகிப்துக்காரர். கதவுகளும் அவர் கப்பலில் துபாய்க்குக் கொண்டுவந்தவைதான். துமியாத் என்ற ஊரில் அவருடைய அண்ணனின் பட்டறையில் செய்தவை. ஜுபைலில் இறக்கிக் கையெழுத்து வாங்கினால்தான் பட்டறைக்குப் பணம்.

இங்கேதான் வில்லங்கம். ஜனவரியில் ஆர்டர் கொடுத்தபோது எகிப்து அரபு நாடுகளில் ஒன்று. மார்ச்சில் அது இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் போட்டது. மற்ற அரபு நாடுகள் கூடி அதை அரபு லீக்கிலிருந்து தள்ளி வைத்தன. தூதரகங்களை மூடினார்கள், கொடுத்த உதவிகளை நிறுத்தினார்கள், வியாபாரத்திலும் கைவைத்தார்கள். இஸ்ரேலோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எகிப்துக் கம்பெனிகளுக்குத்தான் தடை என்பது பேச்சு. எந்தக் கம்பெனி வைத்திருக்கிறது, எது வைக்கவில்லை என்று சோதனைச் சாவடியில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவன் எல்லாவற்றையும் நிறுத்துவான்.

காலை நாலரைக்குத் துபாய் கேம்பை விட்டோம். அபுதாபி வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. அதைத் தாண்டித் தாரிஃப் என்ற ஊரில் டீ ஐம்பது ஃபில்ஸ். அதற்கப்புறம் கடை என்று நம்பி எதுவும் கிடையாது, தண்ணீரைக் கேனில் எடுத்துப் போங்கள். கேபினில் மூன்று பேர்தான் உட்கார முடியும். ஒருவர் மாறி ஒருவர் பின்னால் கதவுகளின் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு போனோம். ருவைஸ் தாண்டியதும் உப்புத் தரை, வெள்ளைவெளேரென்று கண்ணைக் குத்தும். மாலை ஐந்து மணிக்கு எல்லை ஊரான சிலா. அபுதாபியிலிருந்து அதுவே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அன்றிரவு சையத் அவித்த மொச்சையில் எண்ணெய் ஊற்றி எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு கொடுத்தார். செல்வம் ஊரிலிருந்து வந்த இட்லிப் பொடியை அதில் தூவினான். சையத் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பொடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சவூதிச் சோதனைச் சாவடியில் எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டிலும் அரை மணி நேரத்தில் முத்திரை விழுந்தது. லாரியை மட்டும் ஓரம் கட்டச் சொன்னார்கள். எகிப்துச் சரக்குக்குப் புதிய சான்று வேண்டும், ஜனவரியில் வாங்கியது செல்லாது என்றார் அங்கிருந்த இளம் அதிகாரி. புதிய சான்றை எகிப்திலுள்ள சவூதித் தூதரகம்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தூதரகத்தை மூடியாயிற்று.

சாவடிக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு ஒரு கிளியரிங் புரோக்கர் இருந்தான். அவனும் அரபுக்காரன், இந்தி நன்றாகப் பேசுவான். சையத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் அரித்தது.

"நாங்க உங்களத் தள்ளல பாய். நீங்களா எந்திரிச்சுப் போனீங்க" என்றான்.

"நான் எங்க போனேன்?" என்றார் சையத். "நேத்துலேருந்து இந்த லாரியிலதான் உக்காந்திருக்கேன்."

புரோக்கர் சிரித்தான். தன் ஜீப்பில் சிலா வரை போய் எங்கள் ஆபீசுக்குப் போன் பேசிவிட்டு மத்தியானம் திரும்பினான். நேராக எங்களிடம் வந்து, "ரந்தா ஹை?" என்று கேட்டான். ரந்தா என்றால் இழைப்புளி. தச்சனிடம் இதைக் கேட்பானேன் என்று பார்த்தோம். விஷயம் இதுதான். ஒவ்வொரு கதவின் மேல் விளிம்பிலும் பட்டறையின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்திருந்தார்கள். அதை இழைத்து எடுத்துவிட வேண்டும். துபாயில் செய்த கதவு என்று அவன் புதுத் தாள் எழுதுவான். கம்பெனி சம்மதித்துவிட்டதாம்.

"நூத்தறுவது கதவு, மூணு ஆளு. ஜல்தி பண்ணா நாளைக்கு மத்தியானம் கலாஸ்" என்றான்.

தங்கப்பன் அண்ணாச்சி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "இன்னொருத்தன் போட்ட பேர இழைக்கதுக்கு நான் தொழிலு படிக்கல. அவங்கிட்டச் சொல்லு" என்றார் என்னிடம். நான் இந்தியில் சொன்னேன். "உங்க சூப்பர்வைசர் சொல்லிட்டார்" என்றான் புரோக்கர். அதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவரு வந்து இழைக்கட்டும். புளி நான் தாரேன்."

வெளியாட்களுக்கு இது வீம்பாகத் தெரியலாம். கதவை மாட்டிய பிறகு மேல் விளிம்பு யார் கண்ணிலும் படாது. இனி எப்போதாவது அதைக் கழற்றுகிற தச்சன்தான் பார்ப்பான். எங்கள் பக்கத்திலும் அந்த இடத்தில்தான் அடையாளம் போடுவோம். பழுது பார்க்கப் போகிறவன் விளிம்பைச் சீவ நேர்ந்தாலும் அந்த அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் சீவுவான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, அப்படித்தான் செய்வோம்.

செல்வம் கொதித்துவிட்டான். "ஒங்களுக்கென்னண்ணே, வீடு கட்டி முடிச்சாச்சு. எனக்கு சவூதி ஓவர்டைம் வந்தாத்தான் நகையத் திருப்ப முடியும். லாரியத் திருப்பி அனுப்பிட்டா நம்மளையும் சேத்துத்தான் அனுப்புவான். பேரு என்ன சோறா போடுது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்களைக் கேட்காமல் நாடுகள் பிரிகின்றன, சேர்கின்றன. அதற்கான அபராதம் மட்டும் தகரக் கொட்டகை நிழலில் நிற்கிறவன் தலையில் விழுகிறது. நான் சையத்திடம் கேட்டேன். அவர் கொச்சை இந்தியில் சொன்னார். "கதவு திரும்பிப் போனா அண்ணன் பட்டறைய மூடிருவாரு. பேர எடுத்துட்டுப் போனா பணம் கெடைக்கும், அவருக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் இழைங்கன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு லாரியின் மறுபக்கம் போய்விட்டார்.

செல்வம் பெட்டியைத் திறந்து இழைப்புளியை எடுத்தான். அண்ணாச்சி தடுக்கவில்லை. லாரியில் ஏறித் தார்ப்பாயை விலக்கி, முதல் கதவின் மேல் விளிம்பைப் பார்த்தான். புளியை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். சட்டங்கள் சேரும் மூலையைக் கட்டைவிரலால் தடவினான். ஆணி இல்லை. மரமுளை அடித்து இறுக்கியிருந்தது. நகம் நுழைய இடமில்லை. இரண்டாவது கதவைப் பார்த்தான், மூன்றாவதையும் பார்த்தான். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து புளியைப் பெட்டியில் போட்டான்.

"என்னடே?" என்றார் அண்ணாச்சி.

"செஞ்சவன் மனுசன்ணே. நம்ம கைய வேற எதுக்காச்சும் வச்சுக்குவோம்."

அண்ணாச்சி பீடிக்கட்டிலிருந்து ஒன்றை உருவி அவனிடம் நீட்டினார்.

புரோக்கர் எங்களைத் திட்டிவிட்டுப் போய் மறுபடியும் போன் பேசினான். சொன்ன வேலையைச் செய்யாததால் காத்துக்கிடக்கும் செலவு எங்கள் தலையில் என்று கம்பெனியிலிருந்து சேதி வந்தது. அன்றும் அடுத்த நாளும் லாரிக்கடியில் படுத்துக் கிடந்தோம். அந்த வெயிலைப் பற்றி எழுதினால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலை சாவடியில் வேறு அதிகாரி டியூட்டிக்கு வந்தார். சையத் ஜனவரிச் சான்றைக் கொண்டுபோய் மறுபடி நீட்டினார். அதிகாரி லாரிக்கே வந்துவிட்டார். ஐந்தாறு கதவுகளை இறக்கச் சொன்னார். சான்றில் இருந்த பட்டறைப் பெயரையும் விளிம்பில் இருந்த பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். தடை செய்த கம்பெனிகளில் அந்தப் பெயர் இல்லை, தேதியும் தடைக்கு முந்தியது. போகலாம் என்றார். போகும்போது சையத்திடம் ஏதோ சொன்னார். சையத் வந்து எங்களிடம் சொன்னார்: "பேரு சொரண்டின சரக்கா இருந்தா கடத்தல்னு எழுதிப் பிடிச்சிருப்பாராம்."

அதைக் கேட்டபோது புரோக்கரின் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்று சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பேர் நின்றால்தான் கதவு போகும் என்று கணக்குப் பார்த்து நாங்கள் மறுக்கவில்லை. திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் மறுத்தோம். எனக்குப் பெருமை அதில்தான்.

லாரி நின்ற வாடகை நானூற்றைம்பது ரியால். தலைக்கு நூற்றைம்பது என்று கம்பெனி முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. "பிடிக்கட்டுமே" என்றார் அண்ணாச்சி. செல்வம் மட்டும் அந்தச் சம்பளக் கவரிலிருந்த பணத்தை இரண்டு தரம் எண்ணினான். பிறகு அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சல்வாவில் திரும்பி ஹுஃபூஃப், தம்மாம் வழியாக ஜுபைல். சாவடியிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு பகலும் கொஞ்சம் இரவும் ஆகும். சையத் கதவுகளை இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்கள் மூவரையும் கட்டிப்பிடித்து, மிச்சமிருந்த இட்லிப் பொடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நல்ல முடிவு என்று எழுதத்தான் ஆசை. ஆகஸ்ட்டில் தெரிந்தது, அடுத்த பிளாக்குக்கான ஆர்டர் ரத்து. இனி எகிப்துச் சரக்கே வேண்டாம், தொல்லை என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. இரும்புக் கதவு வாங்குகிறார்கள். துமியாத்தில் எத்தனை தச்சர்கள் வேலை இழந்தார்களோ, தெரியாது. எகிப்தைத் தள்ளி வைத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட எந்தப் பெரிய மனிதருக்கும் இதில் ஒரு ஃபில்ஸ் நஷ்டமில்லை.

இந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். துபாய் திர்ஹத்தை எல்லையில் மாற்றாதீர்கள், நூறு கொடுத்தால் எண்பது ரியால்தான் தருவான். தம்மாமில் அதைவிட நல்ல விலை. குளிர்காலத்தில் போக முடிந்தால் போங்கள். சரக்கோடு உங்களை அனுப்பினால் அது எந்த நாட்டில் செய்தது, தாளில் தேதி என்ன என்று கேம்பை விடும் முன்பே கேளுங்கள். கூலிக்காரனுக்கு அதெல்லாம் எதற்கு என்பார்கள், விடாதீர்கள். சாவடியில் கிடக்கப் போவது நீங்கள்தான். எதையாவது சுரண்டு, அழி, மாற்று என்று எவனாவது சொன்னால் உங்கள் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே மறுங்கள்.

ஜுபைல் ஸ்டாஃப் குடியிருப்புக்கு வேலையாக யாராவது போனால், முதல் பிளாக்கில் எந்த ரூமிலாவது கதவை இழுத்துச் சாத்திப் பாருங்கள். உரசாது, சத்தம் போடாது. நூற்று அறுபதும் அப்படித்தான்.