உப்புப் பூத்த தொட்டிகள்

பெருமுக்கல் அம்பிகாவுக்குத் தம்பி கோபி என்றால் உயிர். அவன் புத்தியின் மேல்தான் நம்பிக்கை கிடையாது. செல்போன் ரிப்பேர் கடை போட்டான். வருகிறவனோடு பேசியே பொழுதைப் போக்கினான். ஷேர் ஆட்டோ ஓட்டினான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகத்தையெல்லாம் சும்மா ஏற்றிக்கொண்டு போனான். பிராய்லர் கோழி வளர்த்தான். கோழிகள் நன்றாக இருந்தன, இவன் காய்ச்சலில் படுத்தான். கடைசியில் கையில் தங்கிய ஒரே தொழில், புது மண் தொட்டியைப் பழசாக்கி விற்பது. இதுவும் போனால் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். அந்தப் பயம் கோபிக்கு இருந்ததோ இல்லையோ, அம்பிகாவுக்கு இருந்தது.

குயிலாப்பாளையம் பக்கம் விடுதியும் காபிக் கடையும் நடத்துகிறவர்களுக்குச் சூளையிலிருந்து வந்த செந்நிறத் தொட்டி கண்ணுக்குப் பிடிப்பதில்லையாம். பாசி ஏறி, வெள்ளை பூத்து, இடிந்த அரண்மனையிலிருந்து தூக்கி வந்தது போல இருக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் விண்டேஜ்.

"நம்ம மாட்டுக் கொட்டாயில கிடக்கிறது பூரா அதானடா. வந்து வாரிக்கினு போவச் சொல்லு" என்றாள் அம்பிகா.

ஏளனம் செய்தாளே தவிர, வேலை என்று வந்தபின் அதை அரைகுறையாக விட அவளால் முடியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் களையெடுத்த மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வரப்பில் கூடப் புல் மிஞ்சாது. கோபி வீடியோ பார்த்து ஏதேதோ பூசி நாறடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கித் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். தொட்டியைத் தண்ணீரில் ஊறப்போடுவாள். புளித்த தயிரில் சாணியைக் கரைத்து, வடிகட்டி, பழைய துணியால் ஒற்றி ஒற்றிப் பூசுவாள். பம்புசெட்டுக்குப் பின்னால் நிழலில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடுவாள். சாக்கு காயக் கூடாது, சொட்டவும் கூடாது. மாதம் ஒன்று ஆனால் வெல்வெட்டு மாதிரிப் பாசி பிடிக்கும். அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தடவி, காயும் முன்னே துடைப்பாள். காசு கொடுத்து அழுக்கு வாங்குகிறவனுக்கும் நல்ல அழுக்காகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

கோபிக்கு அந்த ஒரு மாதம்தான் பேஜாராக இருந்தது. புதிதாகத் திறக்கவிருந்த ஒரு விடுதி, ஒரு லோடு தொட்டியை வாரக் கடைசிக்குள் கேட்டது. அம்பிகா முடியாது என்றாள். அவன் அவளிடம் சொல்லாமல் புதுத் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் சினேகிதன் தேவாவிடம் போனான். உப்பு விளையப் பாத்தியில் நிறுத்தியிருந்த தண்ணீரில் தொட்டிகளை முக்கி எடுத்தான். வெயிலில் வைத்ததும் எல்லாத் தொட்டியிலும் வெள்ளை பூத்தது. பார்த்தால் நூறு வருஷத்துத் தொட்டி.

"உன் தயிருக்கு ஒரு மாசம். என் உப்புக்கு ஒரே நாளு, பாத்தியா?" என்றான் அக்காவிடம், வண்டியில் ஏற்றியபடி.

அம்பிகா ஒரு தொட்டியை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இதுல எவன்டா செடி வைப்பான்? ஊறுகா வேணா போடலாம்" என்றாள். அவன் கேட்கவில்லை. தொட்டிகள் போயின. விடுதிக்கார அம்மாள் புகழ்ந்ததை ஊர் முழுக்கச் சொன்னான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. விடுதியிலிருந்து போன் வந்தது: தொட்டியைப் பற்றிப் பேச வேண்டும், உடனே வரவும். கோபிக்குத் தனியாகப் போகத் துணிவில்லை. அக்காவையும் கூட வரச் சொன்னான். வழியெல்லாம் அம்பிகா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்: அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொண்டு, தயிர் பூசிய தொட்டிகளை மாற்றிக் கொடுத்தால் தம்பியின் பெயர் பிழைக்கும்.

விடுதி வாசலில் அவள் நினைத்ததைவிட மோசம். மல்லிகையும் பெரணியும் கருகி நின்றன. தொட்டிகளின் தோல் ஏடு ஏடாக உரிந்து, தரையெல்லாம் சிவப்புத் தூள். கோபி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனால் பேச முடியாது என்று தெரிந்து அம்பிகாவே முன்னால் போனாள்.

"தப்பு எங்களுதுதாங்க. உப்புல முக்கினது. செடியைச் சாகடிச்சிடுச்சி. தொட்டியும் அடுத்த மழைக்கு நிக்காது, உதிர்ந்துடும்" என்றாள்.

விடுதிக்கார அம்மாள் உரிந்த தொட்டியைப் பூனையைத் தடவுவது போலத் தடவினார். "உதிரட்டும்ங்க, அதுதான் அழகே. வர்றவங்க எல்லாம் இது கிட்ட நின்னுதான் போட்டோ எடுக்கறாங்க. செடி பிரச்சனையே இல்ல, பிளாஸ்டிக் செடி சொல்லிட்டேன். மாடிக்கும் இதே மாதிரி வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அம்பிகா அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு அவளிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. எதை யாரிடம் அவிழ்ப்பது என்று தெரியவில்லை. தயிர், சாணி, ஒற்றிய துணி, காயாத சாக்கு எல்லாம் ஒரு தரம் மனசில் வந்து போயிற்று. கோபிக்குத்தான் உயிர் திரும்பியது. சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு, அந்த அம்மாள் மனசு மாறுவதற்குள் ஜல்தியாகக் கிளம்பி வண்டியை உதைத்தான்.

ரோட்டுக்கு வந்ததும், "திட்டறதுன்னா இப்பவே திட்டிடுக்கா" என்றான்.

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"வருஷா வருஷம் உதிரப்போற தொட்டிடா" என்றாள் பிறகு. "வருஷா வருஷம் நம்மகிட்டதான் வாங்கணும்னு பேசி முடிக்காம வந்துட்டியே, புத்தி கெட்டவனே. வண்டியைத் திருப்பு. பேசறதை நான் பேசிக்கிறேன். ஆனா அந்தத் தொட்டியில நான் கை வைக்க மாட்டேன், எவனாவது கேட்டா என் பேரைச் சொல்லாத."

கோபி வண்டியைத் திருப்பினான்.