எதிர்விளிம்பு முழுசாக இருந்தால்

போன வாரம் சாத்தூரிலிருந்து விருதுநகருக்கு வரும்போது, டிக்கெட்டுக்குக் கொடுத்த சில்லறையிலிருந்து ஒரு இரண்டு ரூபாயைக் கண்டக்டர் திருப்பி நீட்டினார். "ஓரம் போயிருக்கு சார். செல்லாது, வேற குடுங்க." உண்மைதான், எலி கடித்த முறுக்கு மாதிரி ஒரு பக்கத்தைக் காணோம். வேறு காசு கொடுத்தேன். விரல் தானாகவே குறைக்கு நேர் எதிர்ப்பக்கத்தைத் தடவியது. விளிம்பு முழுசாக இருந்தது. சரி, எவனோ வெட்டியதுதான்.

இந்தப் புத்தி எனக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டது. அப்போது நான் சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு லேபிள் ஆர்டர் பிடிக்கிற ஆள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு முதலாளி, எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. நாணயச்சாலையிலேயே தப்பாக அடிபட்டு வந்த காசுகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். ஆர்டர் வேண்டுமென்றால் முதலில் காசைப் பார்த்து வியக்க வேண்டும். நானும் வியப்பேன். வியப்புக்குச் சம்பளம் போட்டிருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்.

"தம்பி, குறைய பாக்காதீக. குறைக்கு எதுத்தாப்புல பாருங்க" என்பார், கண்ணில் லென்ஸோடு. காசு அடிக்க வெட்டிய தகடே குறையோடு வந்திருந்தால், விளிம்பு எழுப்பும்போது எதிர்ப்பக்கமும் சரியாக எழாமல் மழுங்கிவிடுமாம். எதிர்ப்பக்கம் முழுசாக நின்றால், பிறகு யாரோ கத்தரித்தது. "பொறவிக் குறைக்குத்தான் வெல. பொறகு பட்ட அடிக்கு எவன் குடுப்பான்?"

நல்ல விலை கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, வேலையாட்கள் தண்டவாளத்தில் நசுக்கிய காசையும், பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் தேய்த்து வெள்ளையாக்கிய காசையும் கொண்டுவருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்குவார். "ஏலே, ரயில் ஏறுன காசுக்கு நான் டிக்கெட்டு எடுக்கணுமோ?" போலியைத் திருப்பியும் தரமாட்டார், மேசை டிராயரில் போட்டுக்கொள்வார்.

அலுமினியப் பவுடர் என்றால் எனக்குப் பொன்னுத்தாயின் கைதான் ஞாபகம் வரும். அண்ணாச்சியின் அறையைக் கூட்டி, எங்களுக்கு டீ கொண்டுவந்து வைப்பவள். சீசனில் ஆள் பத்தவில்லை என்று அவளை மருந்து அடைக்கிற அறைக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் முழங்கை வரை வெள்ளி பூசிக்கொண்டு வருவாள். ஒருநாள் மருந்து பற்றிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

புண் ஆறிய பிறகு விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நான் லேபிள் மாதிரிகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். விபத்து என்று அவர் எழுதினால் அவளுக்கு நஷ்டஈடு கிடைக்கும், அண்ணாச்சியின் லைசென்ஸுக்கு ஆபத்து. பிறவிக் குறை என்று எழுதினால் அவளுக்கு ஒன்றும் கிடையாது. அண்ணாச்சி பதறவே இல்லை.

"பொறவிக் கோளாறு சார். வேலைக்கு வரயிலயே அப்படித்தான்."

பொன்னுத்தாய் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

"எதுத்த பக்கம் பாக்கணும்னு நீங்கதான மொதலாளி சொல்லுவீக? இந்தக் கை முழுசா இருக்கே. கண்ணாடிய வச்சுப் பாருங்க."

பாவி மனிதன், பார்த்தார். லென்ஸைக் கண்ணில் வைத்து, வெந்து சுருங்கிய தோலைக் காசைப் பார்க்கிற அதே ரசனையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறவிதான்" என்றார். பிறகு சிரித்தார். "ஆனா கெட்டிக்காரி சார் இவ." அதிகாரி சிரித்தார். ஆர்டர் இன்னும் கைக்கு வராத நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதிகாரி எழுதி முடித்தார்.

அண்ணாச்சி டிராயரைத் திறந்து, ஓரம் வெட்டுப்பட்ட இரண்டு ரூபாய் ஒன்றைத் தேடி எடுத்து அவள் முன்னால் போட்டார். "இந்தா, ஒனக்குச் சோடி. வச்சுக்க."

மூஞ்சியில் விட்டெறிவாள் என்று நினைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு ஆகும்" என்றாள். மிச்ச விரல்களால் அதை முந்தியில் முடிய வெகுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை, அந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அண்ணாச்சியும் போய்விட்டார். மகன் ஒவ்வொரு காசுக்கும் 'அசல் பிழை' என்று சான்றிதழ் வாங்கி விற்றுவிட்டானாம். பொன்னுத்தாய் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் இப்போது பெண்களுக்கு இலவசம், யாரும் அவர்களிடம் காசு கேட்பதில்லை. அன்று சாயங்காலம் கேட்டிருப்பார்கள். அவள் முந்தியை அவிழ்த்து அந்தக் காசைத்தான் நீட்டியிருப்பாள்.