பீரோவுக்குள் வைத்த பூஸ்டர்

அன்று வீட்டில் நானும் அம்மாவும், எங்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுத்த கேபிள்காரரும் இருந்தோம். அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது. கரையை நெருங்கும்போது அப்பா போன் செய்தால்தான் அம்மா வியாபாரியை ஏலத்துக்கு நிறுத்தி வைக்க முடியும். அதற்காகவே என் முதல் சம்பளத்தில் சிக்னல் பூஸ்டர் வாங்கி ரவுட்டரில் இணைத்திருந்தேன். ஒரு வாரம் நன்றாக எடுத்தது. அன்று காலை சுத்தமாக நின்றுவிட்டது.

"உங்க லைனே தண்டம்," என்று கேபிள்காரரிடம் கத்தினேன்.

"ரவுட்டர் நல்லாத்தாங்க ஓடுது."

"மேச மேல இருந்தப்ப நல்லா எடுத்துச்சேடா," என்றார் அம்மா.

"ஒனக்கு என்னம்மா தெரியும்? படிச்சவன் நான் பாத்துக்கிறேன், சும்மா இரு."

கேபிள்காரர் வயரைத் தொடர்ந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தார். உப்புக்காற்று அரித்துவிடுமென்று முந்தின நாள் இரவு நான்தான் பூஸ்டரை உள்ளே வைத்திருந்தேன்.

"இரும்புக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் எப்படி சார் வெளிய வரும்? இதான் படிப்பா?"

பூஸ்டரை மறுபடி மேசையில் வைத்த சற்று நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது.

"எத்தன தடவ கூப்புடுறது? கரைக்கே வந்துட்டேன். வியாபாரி ஒருத்தனும் இல்ல!" என்று அப்பா கத்தினார்.

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கரைக்கு நடந்தார். அவரை வாய்மூட வைக்கவா படித்தேன் என்று இன்றும் கூசுகிறது. அன்று இறால் பாதி விலைக்குத்தான் போனது. நஷ்டம் ஏழாயிரம் ரூபாய்.