திங்கட்கிழமை வரை

கல்லூரி கேட்டிலிருந்து ஹைவே ஓரமாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. என்னோடு படிக்கும் பெண். கிருஷ்ணகிரியில் அவள் அத்தா மாங்கூழ் வியாபாரம் செய்கிறார். வகுப்பில் வயதில் மூத்தவன் என்பதால் நான் எல்லோருக்கும் அண்ணன்.

"திங்கக்கிழமை பிரின்சிபால் வந்துடுவார்ணா. அதுவரைக்கும் இருங்க."

"இருந்து?"

"கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க."

கடைசி செமஸ்டருக்கு எனக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று அன்று மத்தியானம்தான் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். பொருளாதார வகுப்பில் வருகை போதவில்லையாம். எங்களுடையது பொருளாதாரத்தையும் நீரியலையும் சேர்த்துப் படிக்கும் இரண்டு வருட எம்.ஏ. நீரியல் ஆசிரியர் அனுப்பித்தான் பாரூர் ஏரிக் கால்வாய்களில் அலைந்தேன். மேல்மடையில் கரும்பு வைத்தவருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, கடைமடையில் நெல் போட்டவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்த நாட்களில் எல்லாம் பொருளாதார ஆசிரியர் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார். படிப்பின் ஒரு பாதியில் இருந்ததால் மறு பாதியில் நான் இல்லாமல் போனேன்.

"நீங்க பாரூர்ல இருந்தீங்க, சரி. என் கிளாஸ்ல இல்லையே" என்றார் அவர். நீரியல் ஆசிரியரோ, "அது எகனாமிக்ஸ்காரங்க விஷயம், நான் என்ன பண்றது" என்றார். இருவரும் சேர்ந்து பிரின்சிபாலிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் கால்வாய்க்கு வருவாள். எனக்கு அது தோன்றவே இல்லை. வேலை நடந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

"கால்வாய்ல தண்ணி ஏன் வரலைன்னு நாள்பூரா வெயில்ல குந்தியிருப்பீங்க. ஆபீஸ் வாசல்ல குந்த முடியாதா?"

"போயிட்டு வரேம்மா."

"வர மாட்டீங்க. நடையிலயே தெரியுது."

பத்தாவதோடு வேலைக்குப் போனவன் நான். பிளஸ் டூவும் பி.ஏ.வும் திருப்பூர், பெங்களூர், ஓசூர் என்று வேலை பார்த்துக்கொண்டே தபாலில் முடித்தவை. சூப்பர்வைசர் முறைத்தால் வாக்குவாதம் செய்ய மாட்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஓசூரில் அது புத்திசாலித்தனம். ஒரு கேட்டை விட்டு வந்தால் அதே ரோட்டில் இன்னொரு கேட்டில் ஆள் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே கல்லூரிக்கும் கொண்டுபோயிருந்தேன். இந்தப் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் வேறு கேட் இல்லை என்பது பஸ் சூளகிரி தாண்டும்போதுதான் உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். டிக்கெட் ஓசூர் வரைக்கும் எடுத்திருந்தேன். அன்று அது ஒரு காரணமாகப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் பலமுறை போன் செய்தாள். எடுக்கவில்லை. திங்கட்கிழமையும் செய்தாள். அப்புறம் நின்றுவிட்டது. அந்த இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து போய்ச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் போயிருப்பார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கெட்டவர்கள் இல்லை. நானும் அவர்களுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை.

பஸ் ஏறிப் போன அன்று இரவு, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் பழைய கூட்டாளியின் அறையில் படுத்தேன். காலையில் அவனோடு ஒரு வார்ப்புக் கம்பெனிக்குப் போனேன். காண்டிராக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"எவ்ளோ படிச்சிருக்கே?"

"பத்தாவது."

"அவ்ளோதானே? டிகிரிக்காரங்க ரெண்டு நாள்ல ஓடிடுறாங்கப்பா, அதான் கேக்கறேன்."

"அவ்ளோதான் சார்."

கையுறையும் ஒரு அரமும் கொடுத்தார். பைக் இன்ஜின் மூடிகள் அச்சிலிருந்து வரும்போது விளிம்பில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கூடை நிரம்பிக் காத்திருந்தது. மேலே இருந்த மூடியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.