ஸ்மோக்கோ நேரத்துச் சாட்சி

1. படிவம்

செவன் ஹில்ஸில் ஒரு டைல்ஸ் வெயார்ஹவுஸில் ஒன்பது வருடமாகப் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். அதற்கு முன் டோகாவில் கம்பி கட்டினேன், மலேசியாவில் கார் கழுவினேன், பிறகு இந்தோனேசியா போய் இந்த நாட்டுக்குப் படகு ஏறினேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி.

டிஸ்பாட்சில் ஸ்கேனர் பிடித்த குமரன் திருச்சிக்காரன். படிக்க வந்து சிட்டிசன் ஆனவன். ஒரு நாள் நான் லொறிக்கு லோட் ஏற்றிக்கொண்டிருக்கும்போது படிவம் ஒன்றோடு வந்தான். ஈப்போவில் இருக்கும் மனைவி கவிதாவுக்குப் பார்ட்னர் விசா போடுகிறானாம். கலியாணம் உண்மை என்று, இங்கே நிரந்தரமாக இருக்க உரிமை உள்ள இரண்டு பேர் சாட்சி எழுத வேண்டும். எனக்கு நிரந்தர விசா கிடைத்து அப்போது நாலு மாதம்.

“அண்ணே, ஒண்ணு நீங்க எழுதணும். தமிழ்லயே எழுதுங்க, மொழிபெயர்த்துக்கலாம்.”

“ஓம், பாப்பம்” என்றேன்.

2. நான் எழுதிய இரண்டு வரி

எனக்கும் ஒருத்தி இருந்தாள், மன்னாரில். நான் அப்போது, வழக்கு முடியும்வரை தருகிற தற்காலிகப் பிரிட்ஜிங் விசாவில் இருந்தேன். அதில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அவளைக் கூப்பிடவும் வழியில்லை. ஆறு வருடம் காத்திருந்துவிட்டுக் கனடாக்காரர் ஒருவரைக் கட்டினாள். அவளில் பிழை இல்லை.

படிவம் கொண்டு வருவதற்குச் சில மாதம் முன்பு குமரன் மூன்று கிழமை லீவு போட்டான். விமானம் ஏறினான், தாலி கட்டினான், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தான். மணிக்கட்டில் காப்புக் கயிறு மஞ்சள் வெளுக்காமல் இருந்தது. எனக்கு ஆறு வருடத்தில் முடியாதது அவனுக்கு மூன்று கிழமையில் முடிந்திருந்தது.

காலை பத்து மணிக்கு ஸ்மோக்கோ, இங்கே தேநீர் இடைவேளைக்கு அதுதான் பெயர். அதற்கு அவன் எனக்கு முன்னால்தான் இருப்பான். பேக்கிங் டேப் உருளையில் போனைச் சாய்த்து வைப்பான். ஈப்போவில் அப்போது காலைச் சாப்பாட்டு நேரம். இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார்கள். நான் என் பாணை டீயில் நனைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

படிவத்தை ஒரு கிழமை லொக்கரில் வைத்திருந்தேன். பிறகு எழுதினேன்: ‘குமரனை வேலையிடத்தில் தெரியும். கலியாணம் செய்ததாக அவர் சொன்னார்.’ பொய் ஒன்றும் இல்லை.

3. கடிதம்

சில மாதம் கழித்து விசா அலுவலகத்தில் இருந்து குமரனுக்குக் கடிதம் வந்தது. உறவு உண்மை என்று நம்ப, தந்த ஆதாரம் போதாதாம். இருபத்தெட்டு நாளுக்குள் வேறு தர வேண்டும். கலியாணப் படங்களில் மாமன், மாமி என்று நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு முழம் தள்ளி நின்று கமராவைப் பார்த்தார்கள். நம்மூரில் அப்படித்தான் நிற்பார்கள் என்பது விசா அதிகாரிக்குத் தெரியாது. மற்றச் சாட்சி ஒரு கோயில் அங்கிள். பையன் மது தொட மாட்டான், வெள்ளிக்கிழமை தவறாமல் வருவான் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கவிதாவின் பெயர் எங்கும் இல்லை.

“அங்கிள் எனக்கு இன்னொரு பொண்ணு தேடுற மாதிரி எழுதிருக்காரு” என்று குமரன் சிரித்தான். என் தாளை மேசையில் வைத்தபோது சிரிப்பு நின்றது.

“தெனமும் எதிர்லதானண்ணே இருந்தீங்க.”

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“அவளும் கேட்டா. அந்த அண்ணன் தெனம் நம்மளையே பாத்துட்டு இருப்பாரே, அவரு இவ்வளவுதான் எழுதினாரான்னு.”

புதுப் படிவம் ஒன்று தரச் சொல்லிக் கேட்டேன்.

4. ஆறு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குசினி மேசையில் இருந்து எழுதினேன். கவிதா போனைப் பால்மா டின்னில் சாய்ப்பாள். முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்குவாள், அவன் திட்டுவான். அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த நாள் அவன் ஒரே லேபிளை மூன்று பெட்டியில் ஒட்டினான். ஒருமுறை நாலு நாள் சண்டை. ஒரு சொல் பேசவில்லை. ஆனால் நாலு நாளும் பத்து மணிக்குப் போன் எடுத்து, ஒருவரை ஒருவர் முறைத்தபடி சாப்பிட்டு முடித்தார்கள்.

இவையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘எனக்குப் பொறாமை. அதனால் ஒரு நாளும் கண்ணை எடுக்கவில்லை’ என்று எழுதினேன்.

மொழிபெயர்ப்பாளர் போன் எடுத்து, அந்த வரி கட்டாயம் வேணுமோ என்று கேட்டார்.

“இருக்கட்டும். அது இல்லாட்டி மிச்சத்த ஆர் நம்புவினம்?” என்றேன்.

விசா கிடைத்தது. கவிதா வந்திறங்கிய கிழமையே எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. இரண்டு அவித்த முட்டை, மஞ்சளோடு.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன்: யாராவது இப்படிச் சாட்சி கேட்டால், ஆள் நல்லவன் என்று எழுத வேண்டாம். கண்ணால் கண்டதை எழுதுங்கள், எரிச்சலோடு கண்டதென்றாலும்.

குமரன் இப்போது ஸ்மோக்கோவுக்குப் போனை எடுப்பதில்லை. நேரே என்னோடு பேசிக்கொண்டு சாப்பிடுகிறான். மூன்றரைக்கு வேலை முடிந்தால் மட்டும் ஒரு நிமிடம் நிற்க மாட்டான். அவன் கார் கேட்டைத் தாண்டும்வரை நான் போர்க்லிப்டில் இருந்து பார்ப்பேன்.